நான் பழைய படம் என்று சொன்ன படம்

இது நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். நான் அப்போது ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு அறைக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்த நேரம். அங்கே அந்த மாதத்தில் மதிய வெயிலில் தலைகாட்ட முடியாது. கடை நான்கு மணிக்குத்தான் திறக்கும். அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. போனைக் கையில் எடுத்தால் நான்கு மணி வரை கீழே வைக்க மாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் சீர்காழி. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட் எடுத்தோம். இரண்டு வருடத்தில் திரும்பி வந்து ஊரில் கடை வைப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் நானும் விமானம் ஏறினேன். அந்த இரண்டு வருடம் இருபது வருடத்துக்கு மேல் நீண்டுவிட்டது. வீட்டிலிருந்து தினமும் போன் வரும். "என்னங்க, சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்பாள் மனைவி. நான் "ம்" என்பேன். மூன்று நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்திலேயே இல்லாத மனிதனிடம் அவளும் வேறு என்னதான் பேசுவாள்?

அப்படி இருந்தபோதுதான், எங்களோடு பிளஸ் டூ படித்த ஒருவன் சென்னையிலிருந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து என்னையும் சேர்த்தான். நாற்பத்து மூன்று பேர். சிங்கப்பூர், பெங்களூர், அமெரிக்கா என்று ஆளுக்கொரு திசை. அரசியல் பேசக் கூடாது என்று முதல் நாள் விதி போட்டான். இரண்டாம் நாள் அவனே ஒரு அரசியல் செய்தியைப் போட்டுச் சண்டையைத் தொடங்கிவைத்தான். அடேயப்பா, அந்தச் சண்டைகள்! தேர்தல், நதிநீர், விலைவாசி என்று எதை எடுத்தாலும் விடிந்தால் அடைந்தால் அதே பேச்சு. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. யாராவது என்னிடம் கோபப்படுகிறார்கள் என்பதே அப்போது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தக் குழுவில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. துப்பறியும் புலி. யார் எந்தப் படத்தைப் போட்டாலும் அது எங்கே, எப்போது எடுத்தது என்று நோண்டிப் பார்த்து, "பழைய படம்" என்று ஒரு வரி போடுவேன். வேறு நாட்டு வெள்ளத்தைச் சென்னை வெள்ளம் என்று போட்டவனைப் பிடித்திருக்கிறேன். கடைப்பலகையில் இருந்த எழுத்தை வைத்து ஒருவனை மடக்கியிருக்கிறேன். எல்லோரும் கைதட்டுகிற பொம்மையை வரிசையாகப் போடுவார்கள். எனக்கு அன்று சோறு கூடுதலாக இறங்கும்.

குழுவில் அதிகம் பேசாத ஒருவன் இருந்தான். பள்ளியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்குக் கொஞ்சம் முன்னால் அவன் ஊர். காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்க் கடைசியில் அவன் வயலுக்கு வரவேண்டும். நிலத்தடியில் உப்புத் தண்ணீர், போர் போட்டும் பயனில்லை. வாய்க்கால்தான் கதி. அவன் குழுவில் எப்போதாவது ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான், அவ்வளவுதான். ஆனால் என் பெருநாள் இரண்டுக்கும் காலையில் முதல் போன் அவனுடையதாகத்தான் இருக்கும். "என்ன மாப்ள, பிரியாணி போச்சேடா எனக்கு!" என்று ஆரம்பிப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். கடைமடை வரை தண்ணீர் வந்துவிட்டது, பெண்கள் வாய்க்காலில் பூத்தூவி வரவேற்கிறார்கள் என்று செய்தி. தண்ணீரெல்லாம் வரவில்லை என்று குழுவில் இருந்த பெங்களூர்க்காரன் எதிர்த்தான். காலை முழுக்க அவனோடு எனக்கு மல்லுக்கட்டு. மதியம் படுத்துக்கொண்டு அவனுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தபோது, அதிகம் பேசாத அந்த நண்பன் ஒரு படம் அனுப்பினான்.

வறண்ட வாய்க்கால். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் ஒரு மதகு, அதை ஒட்டி மஞ்சள் பூப்பூத்து நிற்கும் ஒரு பூவரச மரம். கீழே எழுதியிருந்தான்: "அணை திறந்து இருவது நாள் ஆச்சுடா. நம்ம பக்கம் சொட்டுத் தண்ணி வரல. குட்டைத் தண்ணிய எறைச்சு நாத்து விட்டுருக்கோம், குட்டையும் வத்திப்போச்சு. இன்னும் நாலு நாள்தான் தாங்கும். யாருகிட்டயாவது சொல்ல முடியுமா?"

எங்கள் குழுவில் பாசன வேலைகளைப் பார்க்கிற பொறியாளன் ஒருவன் உண்டு. வேறு மாவட்டத்தில் இருந்தாலும் அவனுக்கு எல்லா இடத்திலும் ஆள் தெரியும். அவன் உடனே, "படத்தை இப்பவே மேல அனுப்புறேன்" என்று எழுதினான்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பெங்களூர்க்காரன் குதித்து வந்து, "இப்ப என்ன சொல்றே புலி?" என்று கேட்டுவிட்டான். எனக்கு சுர்ரென்று ஏறியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மதகை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளி நாட்களில் அந்தப் பூவரச மரத்திலிருந்துதான் வாய்க்காலில் குதிப்போம். அதற்குப் பத்து வருடத்துக்கு முன், எங்கள் அத்தா, என்னைப் பெற்றவர், மவுத்தாகி அடக்கத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். அப்போது ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்தது. அவன் வீட்டுக்குப் போனேன். அந்த மரம் வேரோடு சாய்ந்து வாய்க்காலின் குறுக்கே கிடந்தது. அதன்மேல் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பது நினைவில் இல்லை. மரம் விழுந்து கிடந்தது மட்டும் கண்ணில் அப்படியே இருந்தது.

அகப்பட்டான் என்று எழுந்து உட்கார்ந்து எழுதினேன். "பழைய படம். இந்த மரம் புயலில் விழுந்துவிட்டது. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். மரம் நிற்கிறது என்றால், இது புயலுக்கு முன்னால் எடுத்த படம். யாரிடம் கதை விடுகிறாய்?"

கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. அழுது சிரிக்கிற பொம்மைகள் வேறு. பொறியாளன், "அப்ப அனுப்ப வேணாமாடா?" என்று என்னைத்தான் கேட்டான். படம் எடுத்தவனைக் கேட்கவில்லை. "அனுப்பி நீ அசிங்கப்படாதே" என்றேன்.

என் நண்பன் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதாகத் திரையில் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. கடைசியில் ஒரே வரி வந்தது. "சரிடா. நீ சொன்னா சரி." கொஞ்ச நேரத்தில் அவன் குழுவை விட்டு வெளியேறியதாக அறிவிப்பு வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. நானும் அதற்குத்தான் போனேன். அன்று எனக்கு மதியத் தூக்கம் கூட வந்தது என்றால் பாருங்கள்.

இரண்டு வாரத்தில் ஹஜ்ஜுப் பெருநாள். தொழுதுவிட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தேன். குழுவில் வாழ்த்துகள் கொட்டிக் கிடந்தன. பிறையும் பள்ளிவாசலும் போட்ட ஒரே படத்தை நான்கு பேர் அனுப்பியிருந்தார்கள். நன்றி, நன்றி என்று பதில் தட்டிக்கொண்டே வந்தேன். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. போன் அடிக்கவில்லை. மனைவி மட்டும் பேசினாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

நாற்பது பேர் வாழ்த்திய அந்தக் காலையில் எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குளியலறைக்குள் போய்த்தான் அழுதேன். அறையில் ஐந்து பேர் இருந்தார்களே. பிறகு நானே அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே.

தை மாதம் விடுப்பு கிடைத்தது. அத்தா மவுத்துக்குப் பிறகு நான்கு முறை ஊருக்கு வந்திருந்தும் ஒரு தடவைகூட அவன் ஊருக்கு நான் போகவில்லை. கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி என்று முப்பது நாளும் ஓடிவிடும். அவன்தான் ஒவ்வொரு முறையும் சீர்காழிக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவான். இந்தத் தடவை வந்து இறங்கிய மூன்றாம் நாளே டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

மதகடியில் பஸ் நின்றது. இறங்கி நிமிர்ந்தேன். பூவரச மரம் நின்றுகொண்டிருந்தது.

இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தேன். மதகு அதே மதகு. கிட்டே போய் மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பழைய மரத்தின் பருமன் இல்லை. ஆனால் என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம், நிழல், பூ எல்லாம் இருந்தது. பிறகு அவன் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டு வாசலில் அவன் மனைவி வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே" என்றார். முகம் கொடுத்துத்தான் பேசினார், ஆனால் மனதில் இருந்ததை மறைக்கவில்லை. "மரம் விழுந்ததப் பாத்துட்டுப் போனீங்க. நட்டதப் பாக்க வரவே இல்லியேண்ணே."

அவன் உள்ளேயிருந்து வந்தான். "ஏய், வந்தவன உக்கார வுடு" என்று மனைவியை அடக்கினான். "மன்னிச்சுடுடா. மரம் மறுபடி எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டேன், முட்டாள் மாதிரி.

"பூவரசுடா. ஒரு போத்து வெட்டி நட்டா பொழைச்சுக்கும்." கொஞ்சம் சிரித்தான். "நீதானடா நடச் சொன்ன? விழுந்த மரத்து மேல உக்காந்துகிட்டு, இதுலேர்ந்து ஒரு கிளைய வெட்டி நட்டு வைடா, அடுத்த தடவ வந்து பாக்குறேன்னு சொன்ன. நீ அந்தாண்ட பஸ் ஏறுன, நான் இந்தாண்ட நட்டேன்."

அன்றைக்கு என்ன பேசினோம் என்பது எனக்கு நினைவில்லை என்றேனே, அது இதுதான்.

"அன்னிக்கு இதச் சொல்லியிருக்கலாமேடா குழுவுல" என்றேன்.

"டைப் பண்ணத்தான் பாத்தேன். அத்தன பேரு முன்னாடி ஒன்ன ஏன் கேவலப்படுத்தணும்னு வுட்டுட்டேன்."

அதற்கு மேல் நான் கேட்க நினைத்ததைக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். நாற்று என்ன ஆயிற்று? ஐந்தாம் நாளே கருகிவிட்டது என்றான். மேற்கே ஒரு பாலத்தடியில் வெங்காயத் தாமரைச் செடி அடைத்துக்கொண்டு தண்ணீரை மறித்திருந்திருக்கிறது. பதினொரு நாள் கழித்து யாரோ பார்த்துச் சொல்ல, பொக்லைன் வந்து வாரிப் போட்டது. "அரை நாள் வேல மாப்ள. அதுக்கப்புறம் மடமடன்னு தண்ணி வந்துச்சு." மறுபடி விதை தேடி அலைந்து நாற்று விட்டதில் பருவம் பிந்திவிட்டது. ஊரே அறுவடைக்கு நின்ற அந்தத் தை மாதத்தில் அவன் வயல் பச்சையாக, கதிர் பால் பிடிக்காமல் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. அந்தக் கதிர் முற்றுமா என்று அவனுக்கே தெரியவில்லை. என்னைக் குறை சொல்லி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பெருநாளைக்கு ஏண்டா கூப்பிடல?" என்றேன்.

"மனசு வரல" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்றே மரத்தடியில் நின்று ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நான் சொன்னது தவறு, மரம் மறுபடி நட்டது, நண்பன் அனுப்பியது அன்றைய படம், அவன் நாற்று என்னால் கருகிப்போனது என்று எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். பொறியாளன் மட்டும், "நான் அவன்கிட்ட நேரா கேட்டுருக்கணும்டா" என்று எழுதினான். அதற்குக் கீழே ஒருவன் தேர்தல் செய்தி ஒன்றைப் போட்டான். அதோடு என் மன்னிப்பு மேலே ஏறிக் காணாமல் போய்விட்டது.

அவன் குழுவுக்குத் திரும்பி வரவில்லை. நான் எவ்வளவோ கேட்டும், "வேணாம்டா, நீ போன்ல பேசு" என்று சொல்லிவிட்டான். அந்த வருடக் கதிர் பாதிக்கு மேல் பதராகப் போனது என்று பிறகு அவன் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். ஷார்ஜாவுக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மதியமும் நானே அவனைக் கூப்பிட ஆரம்பித்தேன். தண்ணீர் வந்ததா என்று கேட்பேன். வந்தால் வந்தது என்பான், இல்லாவிட்டால் இல்லை என்பான். அதை நான் எந்தச் செய்தியோடும் ஒத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த நோன்புப் பெருநாளுக்கும் அவன் போன் வரவில்லை. அதற்கடுத்த பெருநாளுக்கும் வரவில்லை. நான் கூப்பிட்டால் அன்பாகத்தான் பேசுவான்.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். அந்த மரம் இன்னும் பெரிதாகிவிட்டது, அவ்வப்போது போய் அதன் நிழலில் அவனோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இருந்தாலும் பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வந்ததும் என் கை தானாகப் போனைத் தேடுகிறது, பதினொரு மணி வரை அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.