அம்மைக்குப் போட்ட சோகப் பாட்டு

2008 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து கிணற்றில் இறைத்துக் குளித்தேன். மாதா விண்ணேற்புப் பெருநாள் என்பதால் அம்மையை முதல் பூசைக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விட்டேன். பிறகு நான் எழுத்தராக வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்க் கொடியேற்றத்தில் நின்றேன். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து முடிந்ததும், கொடிக்கம்பத்துக் கயிற்றை நானே ஒருமுறை இறுக்கிக் கட்டிவிட்டு வீடு வந்தேன். விடுமுறை நாள் வழக்கப்படி சைக்கிளைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

அன்று அம்மைக்கு எழுபது வயது முடிந்தது. எங்கள் பக்கத்தில் அவள் வயதுக்காரர்கள் பலருக்கும் பிறந்த நாள் தெரியாது. அம்மை மாதா பெருநாளன்று பிறந்தவள் என்பதால் அவளுக்கு மட்டும் சந்தேகம் இருந்ததில்லை. இதுவரை யாரும் அதைக் கொண்டாடியதும் இல்லை. அந்த வருடம் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். எப்படிக் கொண்டாடுவது என்று முடிவு செய்தவனும் நான்தான்.

சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் ஒரு தொலைக்காட்சியில் அன்று பகல் முழுவதும் நேரலை. நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பிடித்த பாட்டைக் கேட்கலாம். வாழ்த்தும் சொல்லலாம். அந்தத் தொலைக்காட்சி துபாயிலும் தெரியும். அங்கே குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் என் அண்ணன் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அவன் ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே நியாயமான காரணங்கள். அப்பா இறந்தபோதுகூட முதலாளி விடவில்லை. அம்மை டிவியில் பேசினால் அவன் கேட்பான், நாடு முழுவதும் கேட்கும் என்று நினைத்தேன். டிவி பார்த்துக்கொண்டிரு என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன்.

கேட்க வேண்டிய பாட்டையும் தேர்ந்தெடுத்திருந்தேன். நம் சினிமாவில் ஒரே மெட்டு இரண்டு முறை வருவதுண்டு. தாயும் மகனும் சேர்ந்திருக்கும்போது ஒருமுறை, பிரிந்த பிறகு ஒருமுறை. பாட்டுப் புத்தகத்தில் இரண்டாவதன் பக்கத்தில் ‘சோகம்’ என்று போட்டிருக்கும். நான் கேட்க நினைத்தது முதல் வடிவம். அதில் மகன் தாயைச் சைக்கிளில் உட்காரவைத்துச் சந்தைக்குள் ஓட்டிப்போவான். அவள் கையில் பஞ்சுமிட்டாய் இருக்கும். அந்தப் பாட்டு எந்த நிகழ்ச்சியில் வந்தாலும் அம்மை அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்ப்பாள்.

இனி, எனக்கு வெட்கமான பகுதி. ஒரு வாரமாக நான் வீட்டில் எல்லாருக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குப் போயிருந்தபோது, நான் வாயைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து, ‘மலையாளியா சார்?’ என்று கேட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் அப்படியே கிடந்தது. அதனால் ‘பறஞ்சு’ என்று சொல்லக் கூடாது, ‘சொன்னார்’ என்று சொல்ல வேண்டும். ‘மனசிலாச்சு’ கூடாது, ‘புரிந்தது’தான் சரி என்று மனைவிக்கும் அம்மைக்கும் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மைக்கு இரண்டு வரி எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

“நான் பறயறது எனக்க மகனுக்கு மனசிலாவும்” என்றாள் அம்மை. “பின்ன ஆருக்கு மனசிலாவணும்?”

“நாடே கேக்கும் அம்மா.”

“நாட்டுக்காரனுவளுக்கு நான் என்ன பறயதுக்கு இருக்கு?”

மனைவி சிரித்தாள். “அத்தைய சும்ம விடுங்கோ. பரீச்சைக்குப் போறமாதிரி பேடிச்சுப்போயி இருக்காவ.”

நான் விடவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மையைப் புதிய முண்டும் தோளில் வெள்ளைக் கவணி மேல்துண்டுமாக நாற்காலியில் உட்காரவைத்தேன். டிவியின் ரிமோட் எப்போதும் அவள் மடியில்தான் இருக்கும். அதை வேறு யாரும் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. தொலைபேசியில் எண்களை அழுத்திக்கொண்டே இருந்தேன். கை வலித்த பிறகு, எதிர்பாராத ஒரு நேரத்தில் மணி அடித்து, ‘லைன்ல இருங்க’ என்றார்கள். சற்று நேரத்தில், டிவியில் மூவர்ண வளையல் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணே என் காதுக்குள் பேசினாள்.

“வணக்கம் சார், சொல்லுங்க, எங்கேருந்து பேசறீங்க?”

பெயரையும் ஊரையும் சொன்னேன். குழித்துறைக்குப் பக்கம் என்றும் சொன்னேன்.

“குழித்துறை... கேரளாவா சார்? ஆனா தமிழ் சூப்பரா பேசறீங்களே!”

“தமிழ்நாடுதான்” என்றேன். காது சுட்டது. இருந்தாலும் நிதானமாக, எழுதிவைத்தபடியே, என் தாயாருக்கு இன்று எழுபதாவது பிறந்தநாள் என்று தொடங்கிப் பாட்டின் முதல் வரியைச் சொன்னேன். அம்மாவும் பேச விரும்புகிறார் என்றேன்.

“ஓ, கண்டிப்பா! சார், உங்க டிவி வால்யூமைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. எக்கோ அடிக்குது. சார், டிவி, டிவி...”

அம்மை டிவியில் வரும் என் குரலைக் கேட்டு வியந்துபோய், சத்தத்தை இன்னும் கூட்டியிருந்தாள். கையைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. அந்தப் பெண் மறுபடியும் ‘டிவி, டிவி’ என்றாள். நான் மனைவியைப் பார்த்துக் கத்தினேன்.

“ஏட்டி, அம்மைக்க சவத்த எடுட்டி! எடு!”

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. தொலைந்த சாவி சவம், பெய்யாத மழை சவம், செல்லப் பிள்ளையும் சவம்தான். ‘அம்மைக்க சவம்’ என்றால் அம்மையிடம் இருக்கும் அந்த எழவெடுத்த ரிமோட். வாரம் முழுவதும் மற்றவர்கள் நாக்கைக் காவல் காத்தவன் என்னுடைய நாக்கை மறந்துபோனேன்.

மனைவி ரிமோட்டைப் பிடுங்குவதற்குள் என் குரல் டிவியிலிருந்து திரும்பி வந்தது. அம்மைக்க சவத்த எடுட்டி. என் குரல் இவ்வளவு கரகரப்பானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. காதில் அந்தப் பெண், “சார்... என்ன சார் சொல்றீங்க? அம்மாவுக்கு என்ன ஆச்சு?” என்றாள். நான் வெட்கத்தில் ரிசீவரை வைத்துவிட்டேன்.

அதை வைக்காமல் இருந்திருந்தால் எல்லாம் அங்கேயே சிரிப்பாக முடிந்திருக்கும்.

டிவியில் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. யாரையோ ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினாள். “பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட நேரத்துல அந்த வீட்ல ஒரு பெரிய துயரம் நடந்திருக்கு. லைன் கட் ஆயிடுச்சு. அவங்க கேட்ட பாட்டையே அந்தத் தாய்க்கு அஞ்சலியா...” என்றாள். பாட்டு வந்தது. அதே மெட்டு. சைக்கிள் இல்லை, சந்தை இல்லை. வயலின் மெதுவாக இழைய, மகன் கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அதே தெருவில் நடந்தான்.

அம்மை முழுப் பாட்டையும் பார்த்தாள். “இது அதில்லியே” என்றாள் கடைசியில். “இது அவ செத்த பெறவு உள்ளது.”

முதலில் வந்தவள் அடுத்த வீட்டுக்காரி. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது அவளுக்கு. “சாரே, நல்ல வாக்கு பறஞ்சீரு! தமிழ்நாடு முழுக்க நம்ம ஊரு மணத்துப்போச்சு!” என்றாள். அவள் வாசலில் நிற்கும்போதே கோவில் உபதேசியார் மொபெட்டில் வந்து இறங்கினார். கோயம்புத்தூரில் இருக்கும் அவருடைய தங்கை பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்திருக்கிறாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “துக்க மணி அடிக்கணும். பெருநாள் ஆனதுனால சாமியாருகிட்ட ஒண்ணு கேட்டுட்டு...” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அம்மை நாற்காலியில் இருந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள்.

“இரும் உபதேசியாரே” என்றாள். “மணி பெறவு அடிக்கலாம். பாயசம் குடியும்.”

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. தெரிந்தவர்களுக்கு நான் கோமாளி, தெரியாதவர்களுக்குத் தாயைப் பறிகொடுத்தவன். தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஒவ்வொருவரிடமும், “இல்லை, இருக்காங்க, நல்லா இருக்காங்க” என்று சொன்னேன். நடுவில் அண்ணனைக் கூப்பிட்டால் அவன் எண்ணும் ஓய்வில்லாமல் இருந்தது. அவனுக்கு ‘சவம்’ தெரியும், நம் ஊர்ப் பேச்சு தெரியும், தப்பாக எடுத்திருக்க மாட்டான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சாயங்காலம், செபமாலைக்கு முன்பு, அவன் அழைப்பு வந்தது. குரலே அவனுடையதாக இல்லை.

“மக்கா, எடுத்திராதீங்கடே. நான் வந்த பெறவு எடுத்தா போதும். நான் சோறு வடிச்சிட்டு வந்து பாத்தா அந்தப் பொண்ணு கையக் கூப்பிக்கிட்டு நிக்கா. எனக்கு... லேய், நான் மொதலாளிக்க வீட்டுக்கே போனேன். அப்பன் செத்தப்ப விடாத மனுசன். லீவு நாள்ல ஆபீசத் தொறந்து பாஸ்போட்ட எடுத்துத் தந்துட்டான். நாளைக்கு ராத்திரி பிளைட்டு. எடுத்திராதீங்க, கேட்டியா?”

அவன் பேசுவது அறை முழுவதும் கேட்டது. அம்மை எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் வாயைத் திறக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. கவணியின் நுனியை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். அவளுக்கு மழைக்கால இருமல் உண்டு. அது வெளியே கேட்டுவிடக் கூடாது என்று அழுத்தியிருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. உயிரோடு இருக்கும் ஒருத்தி, தன் மகன் வர வேண்டும் என்பதற்காக மூச்சை அடக்கி நின்றாள்.

நான் உண்மையைச் சொன்னேன்.

“அண்ணா, அம்மைக்கு ஒண்ணும் இல்ல. அவங்க தப்பா எடுத்துட்டாங்க.” ரிமோட் கதையையும் சொன்னேன்.

அவன் முதலில் அழுதான், பிறகு சிரித்தான். பிறகு, “எந்தச் சவத்துப்பயலுலே ஒன்ன டிவியில பேசச் சென்னது?” என்று கத்தினான். கொஞ்சம் அடங்கியதும், “இனி அந்த மனுசனுக்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்? நாளைக்குக் காலத்த ஆபீஸ் தொறந்த ஒடனே பாஸ்போட்டத் திருப்பிக் குடுக்கணும். சரி, கிறிஸ்மசுக்குப் பாக்கலாம். அம்மைட்ட செல்லு” என்றான். வைத்துவிட்டான்.

நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மை கவணியை வாயிலிருந்து எடுத்தாள். அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் வந்தது. இருமி முடித்து, செபமாலைக்கு முழந்தாளிட்டாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் முழந்தாளிட்டோம். அருள்நிறை மந்திரத்தை அவள் வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னாள்.

படுக்கப் போகும்போது மனைவி சொன்னாள். “நீங்க பொய் பறயாண்டாம். அதச் செல்லல்ல. போனை அத்தைக்க கையில குடுத்திருக்கலாமே.”

“அவங்கதான் வேண்டாம்னு தலையாட்டினாங்க.”

“நீங்க பேசாண்டாம்ணு ஆட்டினாவ.”

அம்மையைப் பேசவைக்க வேண்டும் என்று ஒரு வாரம் ஆடி, அந்த நாளில் அவள் மகனிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் பார்த்துக்கொண்டவன் நான். டிவியிலும் நானே பேசினேன், தொலைபேசியிலும் நானே பேசினேன். அவள் சார்பில் அழுததுகூட ஏதோ ஒரு பின்னணிப் பாடகர். இத்தனை வருடம் கழித்தும் ஏதாவது கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தால், பந்தியில் இருப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சவத்தை நினைத்துச் சிரிக்கிறார்கள். எனக்கு நினைவு வருவது அந்தக் கவணி நுனி.

சனிக்கிழமை காலை எழுந்ததும் குளிக்கவில்லை, பல் தேய்க்கவில்லை. துபாயில் அலுவலகம் திறப்பதற்கு முன்பு அண்ணனைப் பிடித்துவிட வேண்டும். எண்களை அழுத்தினேன். மணி போனது. அவன் ‘ஹலோ’ என்பதற்குள் அம்மையின் கையில் ரிசீவரைக் கொடுத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

துபாய் தூரம் என்பதால் அவள் உரக்கப் பேசினாள்.

“ஏலே, நான்தான். பாஸ்போட்டக் கொண்டு போறப்ப மொதலாளிட்ட உள்ளத உள்ளபடி பற. அம்மை சாவல்ல, ஆனா எனக்கு அவளப் பாக்கணும்ணு பற. அவனுக்கும் ஒரு அம்மை இருப்பாளே.”

நான் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.