ஆரல்வாய்மொழிக் காற்றும் என் வலது கன்னமும்

உடல்நலக் காரணத்தால் இடமாற்றம் கேட்பவருக்கு முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது அன்றைய விதி. விதி எனக்குத் தெரியும். பதில் தரவேண்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

1955, ஆனி மாதம். திருவிதாங்கூர்-கொச்சியின் எல்லையான ஆரல்வாய்மொழியில், சோதனைச் சாவடிக் குமாஸ்தா நான். கணவாய்க் காற்று வலது கன்னத்தில் பட்டால் போதும், மின்னல் வெட்டியதுபோல் வலிக்கும். சில நொடிகள்தான், அதற்குள் உயிர் போய்த் திரும்பும். சவரம் செய்யவும் கஞ்சி குடிக்கவும் பயந்தேன்.

"காத்து எங்க மூஞ்சியிலயுந்தானே ஓய் அடிக்கு?" என்றார் அதிகாரி.

இடமாற்ற விண்ணப்பத்தில் நோயின் பெயர் கேட்டிருந்தது. 'பல் நோய்' என்று எழுதி அனுப்பினேன். எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று மேல்வரிசையில் இரண்டு பற்களைப் பிடுங்கியும் விட்டேன். வலி அப்படியே இருந்தது. மூன்றாவதைப் பிடுங்க நாகர்கோவில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். அவ்வழியே போன வயதான டாக்டர் ஒருவர் திரும்பி வந்தார்.

"பல்வலிக்காரன் கன்னத்தப் பொத்திப் பிடிப்பான். நீரு துவர்த்தக் கன்னத்துல படாமப் பிடிக்கீரு. காத்த மறைக்கீரோ?"

கையிலிருந்த துண்டைப் பார்த்தேன்; கன்னத்தைத் தொடாமல்தான் நின்றது. அதுவரை ஒருவரும் அதைக் கவனித்ததில்லை, நான் உட்பட.

உள்ளே அழைத்துப்போய்ப் பஞ்சுத் திரியால் கருவிழியைத் தொட்டார், இமை மூடியது. "நரம்போட மேல் கிளைக்கு ஒரு குறையுமில்ல." பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடையை அழுத்திப் பார்த்தார். "கீழ்க் கிளையும் சரி." மூக்கோரம் பஞ்சு பட்டதும் அலறினேன். "ஆளு இங்கதான் இருக்கான்."

சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். தாய் வயிற்றில் முகம் வெறும் மொட்டுகளாக இருக்கும்போதே ஒரு நரம்பு மூன்றாகப் பிரிந்து, நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை என்று ஆளுக்கொரு பக்கமாக வளர்கிறதாம். தொடுவதை உணர்வது மூன்றும். மெல்ல வைப்பது கீழ்க் கிளை மட்டும். என் முகத்துக்குள், நான் பிறக்கும் முன்பே எல்லை பிரித்து வேலை ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் இலாகாவில் அந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

"அப்போ என் பல்லு?"

"நல்ல பல்லு. போனது போச்சு வே."

நடுக்கிளையில், நரம்பைக் கருக்கும் சாராய ஊசி போட்டார். கன்னம் மரத்தது. அன்றே கணவாயில் துவர்த்தை வீசிவிட்டுக் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றேன். வலி வரவில்லை. பைத்தியம்போல் சிரித்தேன்; லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நரம்பு திரும்ப வளரும், வலியும் வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அடுத்த ஆண்டு உணர்ச்சி மட்டும் திரும்பியது.

மொழிவாரி மாநிலங்கள் பிரிந்து எல்லை மாறி, எங்கள் சாவடிக்கே வேலையில்லாமல் போன நாளில் மேலிடத்துப் பதில் வந்தது: 'பல் நோய்க்கும் காற்றுக்கும் உள்ள தொடர்புக்குச் சான்று இணைக்கவும்.'

தெரியாத வலிக்குத் தெரிந்த பெயரை எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான் என்பதை, நாக்கு பல் போன இடைவெளியில் படும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். கூடவே பதில் வந்த தேதியையும்: 1956 நவம்பர் 1.