சிவப்பாக எடுத்த கறி

என் வீட்டுக்காரர் சிலோனில் பதினாலு வருஷம் பங்களாச் சமையல்காரராக இருந்தவர். அங்கே அந்த வேலைக்காரரை அப்பு என்பார்கள். வெள்ளைக்காரத் துரைக்குப் புல்வெளியில் கரி மூட்டி, இரும்புக் கம்பிமேல் ஆட்டுக்கறியை வாட்டிக் கொடுப்பதில் அவருக்குப் பெரிய பேர். இந்தியாவுக்கு வந்த பிறகு அந்த வேலையை ஒரே ஒரு தடவைதான் செய்தார். அந்த ஒரு தடவையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும்.

எங்களை மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்த்திருந்தார்கள். எனக்குக் கொழுந்து பறிக்கிற வேலை, அவருக்குச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை. கரண்டி பிடித்துப் பழகிய கை, கவ்வாத்துக் கத்தியோடு தினமும் சண்டை போட்டது. வேலையாட்களுக்கான லயத்து வரிசையில் காலி வீடு இல்லையென்று உரக் கொட்டகையைச் சாக்கால் மறைத்து நாலு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பங்குக்கு வந்த மூலையில் தகரம் ஒழுகியது. பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. வந்த மாதத்திலேயே அவளுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போய்ப் போய் வரும். தோட்டத்துக் கம்பவுண்டர் மருந்து கொடுத்தார். மருந்து பாதிதான் வேலை செய்யும், ஆடி மழைக்கு முன்னால் பிள்ளையை ஈரமில்லாத இடத்துக்கு மாற்று, இல்லாவிட்டால் கஷ்டம் என்றார். அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. அந்த வருஷம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி எங்கள் பேர் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் வந்தது. அம்மா பேரும் தம்பி பேரும் அங்கேயே இருக்கிறவர்கள் பட்டியலில் வந்தன. கோச்சி, அதாவது ரயில், புறப்பட்டபோது ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தாள். நான் மடியிலிருந்த மூட்டை சரிகிறதே என்று அதன் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று எதிரில் உட்கார்ந்திருந்தவள் சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அதிசயம், ஏனென்றால் சிலோனில் எங்கள் தோட்டத்தில் நான் பேர்போன வாயாடி.

அழுகை பிறகு வரும் என்றிருந்தேன். கப்பலில் வரவில்லை, மண்டபம் முகாமில் வரவில்லை, பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே மலை ஏறியபோதும் வரவில்லை. குளிரில் மரத்த விரலைக் கிள்ளினால் தெரியாதே, அப்படித்தான் உள்ளே இருந்தது. யார் எது சொன்னாலும் சரி என்பேன். சொன்னது காதில் விழும், தங்காது. பிள்ளையின் இருமலைக்கூட அடுத்த வீட்டுச் சத்தம்போலக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பங்குனி மாதம் தோட்டத்து ரைட்டர் வந்து என் வீட்டுக்காரரைத் தேடினார். எங்கள் காகிதங்களில் பழைய வேலை என்ன என்று எழுதியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். தோட்டத்துத் துரை கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், அந்தப் பங்களாவுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பங்களாப் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன செங்கல் அடுப்பு ஒன்று, மேலே இரும்புக் கம்பிகளோடு, பூத்தொட்டி வைக்கிற இடமாகக் கிடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களும் விருந்துக்கு வருகிறார்கள், அந்த அடுப்பில் கறி வாட்ட ஆள் வேண்டும் என்று ரைட்டர் சொன்னார். பழைய சமையல்காரர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் பிடித்துப்போனால் அந்த வேலை இவருக்கு. வேலையோடு, பங்களாவுக்குப் பின்னால் சமையல்காரர் அறையும் இவருக்கு.

அந்த அறையை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை. சமையலறைப் புகைபோக்கி ஏறுகிற சுவர்தான் அறைக்கும் ஒரு பக்கத்துச் சுவர். கையை வைத்தால் சூடாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். பிள்ளையை அந்தச் சுவரோரம் போட்டுவிட்டால் போதும் என்றார். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை முழுக்க அவர் அந்த அடுப்பிலேயே கிடந்தார். கம்பியை மணல் போட்டுத் தேய்த்து, ஆட்டுக் கொழுப்புத் தடவி நெருப்பில் காட்டி, மறுபடியும் தேய்த்தார். சீகை மரத்து விறகை எரித்துத் தானே கரி எடுத்தார். கற்பூர மரத்துச் சுள்ளி ஒன்று தவறி உள்ளே போனாலும் கறி தைலப் புட்டியாக நாறும் என்று ஒவ்வொரு கட்டையையும் மோந்து பார்த்தார். கவ்வாத்தில் விழுந்த தேயிலைக் குச்சியை, அவர் பாஷையில் மிலாறை, காய வைத்து ஒரு கட்டு ஒதுக்கினார். கறி இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அதைப் போட்டால் நல்ல புகை வருமாம். விலாத் துண்டுகளுக்கு மிளகும் கடுகும் வினாகிரியும் பூசி வைத்தார். உப்பு கைக்கணக்கு. அந்த அளவு, அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய அப்புவின் அளவு.

கறி வெந்ததா என்று அவர் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். துரைக்கு ஆக்கியதைச் சமையல்காரன் ருசி பார்க்கக் கூடாது என்பது அந்தச் சிலோன் பங்களாவின் சட்டம். யாரும் பார்க்காதபோதும் அதை மீறியதில்லை. விரலால் அழுத்திப் பார்ப்பார். கன்னத்தைத் தொட்டாற்போல இருந்தால் உள்ளே சிவப்பு, நெற்றியைத் தொட்டாற்போல இருந்தால் முழுக்க வெந்தது. வெள்ளைக்காரத் துரைக்கு எப்போதும் கன்னம்தான். பதினாலு வருஷமும் அவர் சிவப்பாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். வேறு மாதிரி கேட்கிற துரை உண்டு என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உதவிக்கு நானும் போனேன். பிள்ளையைக் கொட்டகையில் பக்கத்துக் குடும்பத்தாரிடம் விட்டிருந்தேன். பங்களாவின் பின்கட்டில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது துரையின் சம்சாரம் வந்தார். நல்ல மனுஷி. பிள்ளைக்கு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். பிறகு சொன்னார்.

“ஏம்மா, எங்க ஆளுங்களுக்குக் கறி நல்லா வெந்திருக்கோணும். ரத்தம் தெரிஞ்சா ஒருத்தரும் தொடமாட்டாங்க. உங்க ஊட்டுக்காரர்கிட்ட மறக்காமச் சொல்லீரு.”

“சரிங்க” என்றேன்.

பின்கட்டிலிருந்து அடுப்புக்கு இருபது அடிகூட இருக்காது. போனேன். வெங்காயம் ஒன்றைப் பாதியாக வெட்டிக் கொண்டு வா, கம்பியில் தேய்க்க வேண்டும் என்றார். வெட்டிக் கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த அம்மா சொன்னதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்று சொல்ல முடியாது. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. அது எனக்குள் போய்ச் சேரவேயில்லை.

கறி கம்பிமேல் ஏறியது. கொழுப்பு கரியில் சொட்டிப் பொரிந்தது. மிலாறுப் புகை புல்வெளி முழுக்கப் பரவியதும் விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவர் முதுகு நிமிர்ந்திருந்ததை அந்தத் தோட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் தட்டுகளை ஏந்திக்கொண்டு நின்றேன். மயிர் தீய்கிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது. என்ன என்று குனிந்து பார்த்தால், என் இடது கை கம்பியின் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டேன். வலிக்கவில்லை.

தட்டுகள் போயின. பிறகு ஒரு பெரியம்மா தட்டைத் தள்ளி வைத்தார். பக்கத்திலிருந்தவர் துண்டை முள்ளால் புரட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். துரை ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புக்கு வந்தார். என்னய்யா, பச்சையாக இருக்கிறதே என்று தணிந்த குரலில்தான் கேட்டார். அந்த இடத்தில் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும். என் வீட்டுக்காரர் கைகட்டிக்கொண்டு, மரியாதையாக, அவருக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார்.

“தொரைமார் இப்பிடித்தாங்க சாப்புடுவாங்க.”

பின்னால் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். துரையின் முகம் சிவந்தது. வெள்ளைக்காரன் பங்களாவில் குடியிருக்கிற மனுஷனிடம், விருந்தாளிகளுக்கு முன்னால், உனக்குத் துரை மாதிரி சாப்பிடத் தெரியவில்லை என்று சொன்னதுபோல ஆகிவிட்டது. அவர் தட்டைச் செங்கல்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் துரையின் சம்சாரம் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னேனே என்கிற பார்வை. காலையில் அவர் சொன்ன பேச்சு முழுக்க, ஒரு சொல் விடாமல், அந்த நிமிஷம் எனக்குள் வந்து சேர்ந்தது. கை எரியத் தொடங்கியதும் அப்போதுதான். அந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நின்றுகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் கைக்குத் திரும்பி வந்த துண்டுகளை மறுபடி கம்பிமேல் அடுக்கினார். அவை நெற்றிப் பதத்துக்கு வருவதற்குள் விருந்தாளிகள் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட உள்ளே போய்விட்டார்கள்.

சாயங்காலம் பங்களாக் கேட்டில் ரைட்டர் எங்களை நிறுத்தினார். மீந்த கறியில் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதில் திரும்ப நெருப்புக்குப் போகாத இரண்டு துண்டும் இருந்தன. வேலை இல்லை என்று சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. “சமையல் தெரியாம இல்லீங்க. அம்மா படிச்சுப்படிச்சுச் சொல்லியுட்டும் கேக்கலயாமா. சொன்னாக் கேக்கற ஆள்தான் வேணும்னு தொரை சொல்லீட்டாருங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் ரைட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, உனக்காவது புரிகிறதா என்றுதான் பார்த்தார். அம்மா என்னிடம்தான் சொன்னார்கள், நான்தான் சொல்லவில்லை என்று அங்கேயே ரைட்டரிடம் சொல்லியிருந்தால், அவர் திரும்பப் போய் ஒரு வார்த்தை பேசியிருப்பார். அப்படிப்பட்ட மனுஷர்தான் அவர். காலையில் நடந்ததற்கு மரத்துப்போனதைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். கேட்டில் நான் மரத்துப்போய் நிற்கவில்லை. பயந்துபோய் நின்றேன்.

இறக்கத்தில் நடந்து வரும்போது ஒரே ஒரு தடவை கேட்டார். “என்னா சொன்னாங்க புள்ள, நா எதக் கேக்காம உட்டேன்?” நான் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். துரையிடம் தான் அப்படிப் பேசியதுதான் தப்பு என்று. சாகிறவரை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். என் வாயால கெட்டேன் என்று சொல்லிக்கொள்வார்.

அந்த ஆடி மழையை நாங்கள் கொட்டகையில்தான் கழித்தோம். அவர் ராத்திரி முழுக்கப் பிள்ளையை மார்மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் மழை பிடித்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். வெந்நீர் வைத்துக் கொடுக்கும்போது ஏம்மா என்னை இப்படிப் பார்க்கிறாய் என்பாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு முடியவில்லை. கொட்டகைக்கு வந்ததும் அவர் வாசலில் மூன்று கல்லைக் கூட்டினார். பேக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைச் சல்லடைக் கம்பி ஒரு துண்டு எங்களிடம் இருந்தது, அதை மேலே வைத்தார். மிச்சமிருந்த மிலாறை மூட்டி, வேகாத அந்த இரண்டு துண்டையும் போட்டார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. விரலால் அழுத்தி, நெற்றிப் பதம் வந்த பிறகே எடுத்தார். ஒன்றை எனக்குக் கொடுத்தார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே பிள்ளை இருமிக்கொண்டிருந்தாள்.

பிறகு கடித்தார். தான் வாட்டிய கறியை அவர் முதன்முதலாக வாயில் வைத்தது அன்றைக்குத்தான். மென்றார். நிறுத்தினார். மறுபடியும் மென்றார்.

“உப்புப் பத்தல்ல” என்றார். “பதினாலு வருஷமும் இப்பிடித்தான் குடுத்துருக்கேன் போல. ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லல்ல புள்ள.”

நான் எழுந்து உள்ளே போய் உப்பு எடுத்து வந்து கொடுத்தேன்.