வன்கண்ணர் மூவர்

போன வாரம் நான் எழுதின மனு ஒண்ணு திரும்பி வந்துச்சு. கதை திரும்பி வர்றது எனக்குப் பழக்கம்... மனுவுமா திரும்பும்?

விஷயம் இதுதான். ஆவூர்ப் பக்கத்துலேருந்து ஆரோக்கியம்னு ஒரு அம்மா, ஒரு மாசம் முந்தி பஸ் ஏறி என்னைத் தேடி வந்துச்சு. பத்திரிகையில எழுதுறவன்னா மனு நல்லா எழுதுவான்னு யாரோ சொல்லியிருக்காங்க. அவுங்க வீட்டுக்காரர் சவரிமுத்து, பயிர் கருகுதேன்னு தன் முறை வர்றதுக்குள்ள கண்மாய் மடையைத் திறந்துட்டாராம். மூணு பேர் புளியமரத்துல கட்டிவச்சு அடிச்சதுல வலது கை முறிஞ்சுபோச்சு.

"பேரு மூணையும் எழுதிருங்கய்யா. பேரு இருந்தாத்தான் விசாரிப்பாங்களாம்."

சொல்லுச்சு. மொதப் பேரைக் கேட்டதுமே என் பேனா நின்னுபோச்சு.

அவரு என் வீட்டு ஓனர். அந்தக் கண்மாய்ப் பாசனத்துல நிலம் வச்சிருக்கிறவரு. பொங்கலுக்குக் கரும்பு குடுத்து விடுறவரு. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிச்சுட்டு, "பிரமாதம்யா!"ன்னு முதுகுல தட்டுறவரு. அதே கை!

"ஏம்மா, வெறும் பேருல என்ன இருக்கு? படிக்கிற ஆபீசர் கண்ணுல தண்ணி வரணும், அப்படி எழுதுறேன் பாரு"ன்னேன்.

ராஜா ஆட்சி போயி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. என் மனு இன்னும் ராஜாவுக்கு எழுதுற மாதிரி 'சமூகத்திற்கு'ன்னுதான் ஆரம்பிக்குது. அடுத்த வரி: 'வன்கண்ணர் மூவர் ஒருங்கு கூடி...' ஆகா, என்ன ஒரு சொல்லு! படிக்கத் தெரியாத அந்தம்மா, கும்பிட்டு வாங்கிட்டுப் போச்சு.

வன்கண்ணர்ங்குற இந்தச் சொல்லு பழைய பாட்டுல எங்கெல்லாம் வரும் தெரியுமா? காட்டு வழியில மறிச்சுக் கொல்றவனைச் சொல்ல வரும். அரக்கனைச் சொல்ல வரும். எதிரி நாட்டுப் படையைச் சொல்ல வரும். எல்லாரும் தூரத்து ஆளுங்க — கவனிச்சீங்களா? பக்கத்துத் தெருவுல இருக்குறவனைப் பார்த்து எந்தப் புலவனாவது பாடியிருக்கானா? அவன் வீட்டுலயும் கரும்பு வந்திருக்கும்.

போன வாரம் அந்தம்மா மனுவோட திரும்பி வந்துச்சு.

"ஆபீசுல சத்தமாப் படிச்சாங்கய்யா. எழுத்து ரொம்ப நல்லாருக்குன்னாங்க. ஆனா ஆளு யாருன்னு இல்லையேன்னு திருப்பிட்டாங்க."

"வாயால பேரைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். காகிதத்துல இல்லையேங்குறாங்க. இம்புட்டு நாள் கழிச்சுப் புதுசாச் சேர்க்குறியான்னு கேக்குறாங்க."

"கை எப்படி இருக்கு?"

"கோணலாச் சேர்ந்துபோச்சு. இனிமே மம்பட்டி பிடிக்க முடியாது."

அந்தம்மா மனுவை என் பக்கம் நீட்டி, "வன்கண்ணர்னு படிச்சாங்களே, அது என்ன வார்த்தைங்கய்யா? அதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டுச்சு.

முன்னாடி வாத்தியாரா இருந்த புத்தி போகுமா? சொல்லிக் குடுத்தேன். "அடுத்தவன் துடிக்கிறதைப் பார்த்தும் கலங்காத கண்ணு இருக்குல்ல... அந்தக் கண்ணு உள்ளவங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துச்சு. கோபமெல்லாம் இல்லை. கணக்குச் சரிபார்க்குற மாதிரி ஒரு பார்வை.

"அப்ப மூணு பேருன்னு ஏங்கய்யா எழுதுனீங்க?"

மனுவை என் மேஜையிலேயே வச்சுட்டு பஸ்ஸுக்குப் போயிருச்சு.

ராத்திரி பகலா யோசிச்சுத்தான் இதை எழுதுறேன். தைரியமா எழுதிட்டேன்னு நெனைக்காதீங்க... மறுபடி மேலேருந்து படிச்சுப் பாருங்க.

அந்தப் பேரு இதுலயும் இல்லை.