சுங்கச் சோதனையில் அன்புவை விட்டு நடந்தேன்

ஆண்டவரை நேசிக்கிற சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். அவர் என் ஜெபத்தைக் கேட்டது உண்மை. அதற்கு முன்னால் நான் செய்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது சாட்சியாகாது.

2006ஆம் வருடம், மே மாதம். காலை பத்து மணி இருக்கும். கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் நண்பன் அன்புவைச் சுங்க அதிகாரிகள் ஓர் அறைக்குள் கூட்டிப் போனார்கள். அவன் பெட்டியில் அவர்கள் கண்டெடுத்த பொருள்களை அதில் வைத்தவன் நான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அன்பு திரும்பி என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன்.

எங்கள் சபை சேலையூரில் இருக்கிறது. அங்கே ஐந்து பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்தினோம். நான் கீபோர்டு, ஸ்டீபன் கிட்டார், அன்பு தபேலா, பாடுவதற்கு இரண்டு சகோதரிகள். மலேசியாவில் இருந்த ஒரு தமிழ்ச் சபை மூன்று ஊர்களில் பாட எங்களை அழைத்தது. எங்கள் பாடல் சிடிகளையும், குழுவின் பெயர் போட்ட டி-ஷர்ட்களையும் அங்கே விற்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். பல்லாவரத்தில் கொடுத்து அச்சடித்தும் வாங்கி வந்தேன்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அந்தச் சபைப் போதகர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். விற்பனைக்கு என்னென்ன கொண்டு வருகிறீர்கள் என்று பட்டியல் எழுதி அனுப்பினால், சுங்கத்தில் முன்கூட்டியே பேசி முறைப்படி ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார். தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். படித்துவிட்டு மூடினேன். 'இதுக்கெல்லாம் பட்டியலா? நாம சமாளிச்சுக்கலாம்' என்று நினைத்தேன். எதையும் சமாளிப்பவன் என்று எனக்குச் சபையில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சிட்லபாக்கத்தில் என் வீட்டில்தான் பெட்டி கட்டினோம். எல்லார் பெட்டியிலும் துணிகளுக்கு நடுவே சிடிகளைச் சொருகினேன். அன்பு தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, கேட்டா இன்னான்னு சொல்றது?"

"கிஃப்ட்னு சொல்லு. சொந்தக்காரங்களுக்கு."

"எனக்கு அங்க யாருமே கிடையாதேண்ணா."

"அது அவங்களுக்குத் தெரியுமா? ஊழியத்துக்குத்தானேப்பா கொண்டு போறோம்."

அவன் பெட்டியை மூடினான். குரோம்பேட்டையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை செய்தவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. கிளம்புகிற அன்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் தனியா எங்கியும் போனதில்ல தம்பி. நீ கூட இருக்கேன்ற தைரியத்துலதான் அனுப்புறேன்" என்றார்கள்.

விமான நிலையத்தில் நாங்கள் நான்கு பேர் தடையில்லாமல் வந்துவிட்டோம். கடைசியாக வந்த அன்புவின் பெட்டியைத்தான் திறக்கச் சொன்னார்கள். அந்த அதிகாரி தமிழர். கேள்வி என் காதில் விழுந்தது.

"இதெல்லாம் யாருக்கு?"

அன்பு திறந்த பெட்டியைப் பார்த்தான். பிறகு, "விக்கறதுக்குத்தான் சார்" என்றான். அவனுக்குப் பொய் வரவில்லை.

அப்புறம்தான் அவன் என்னைப் பார்த்தது. அப்புறம்தான் நான் நடந்தது.

வெளியே போதகர் ஐயா மாலைகளோடு காத்திருந்தார். "இன்னொரு தம்பி எங்கே?" என்று கேட்டார். "அவன் பெட்டி வர லேட்டாகுது ஐயா" என்றேன். அவர் கையால் மாலையும் வாங்கிக்கொண்டேன்.

ஸ்டீபன் என்னை ஓரமாக இழுத்துப் போனான். "மச்சான், இப்ப நாம போய்ச் சொன்னா எல்லாரையும் புடிச்சு வெச்சுக்குவாங்க. சாயங்காலம் புரோகிராம் இன்னாவுறது? அவனை எப்படியும் விட்டுடுவாங்க. சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். அவன் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தேன். 'கர்த்தாவே, அன்புவை வெளியே கொண்டு வாரும். எங்களை வெட்கப்படுத்தாதேயும்.' இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கதவு திறக்கும். யாரோ ஒரு குடும்பம் தள்ளுவண்டியோடு வரும். மறுபடியும் திறக்கும். வேறு யாரோ வருவார்கள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. பெட்டி வர இவ்வளவு நேரமா என்று போதகர் ஐயா இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் ஜெபம் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. அன்பு வெளியே வர வேண்டும், ஆனால் நான் உள்ளே போகக் கூடாது. இதைத்தான் மூன்று மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. 'ஆண்டவரே, நான் கோழை. அந்தக் கதவு வரைக்கும் போக எனக்குத் தைரியம் இல்லை. நீரே என்னை எழுப்பும்' என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கர்த்தருடைய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

போதகர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. "அந்தப் பட்டியல் ஒண்ணை அனுப்பியிருந்தா போதுமே, பிரதர்" என்றார். பிறகு என்னோடு வந்தார். மற்ற பெட்டிகளையும் வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு திரும்பப் போனேன். பாதி தூரத்தில் ஸ்டீபனும் வந்து வண்டியில் கை வைத்தான்.

உள்ளே மேலதிகாரியாக ஒரு பெண்மணி இருந்தார். அவருக்கும் தமிழ் தெரியும். "அவன் பெட்டியில் வைத்தது நான்தான். இந்தப் பெட்டிகளிலும் இருக்கின்றன" என்றேன். எல்லாவற்றையும் திறந்து, எடுத்து, எழுதிக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யார் கொடுத்ததுன்னு உங்க நண்பர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டாச்சு. பேர் சொல்லவே இல்ல. நீங்க இவ்வளவு நேரம் எங்கே இருந்தீங்க?"



எங்கள்மேல் வழக்குப் போட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. போடவில்லை. பொருள்களைச் சுங்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஊர் திரும்பும்போது எடுத்துப் போகும்படி சொல்லி, எச்சரித்து அனுப்பினார். அது கர்த்தருடைய இரக்கம். வேறு எப்படிச் சொல்வது?

அன்பு வெளியே வந்தான். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அவன் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சிடுடா" என்றேன். "டைமாச்சுண்ணா, போலாம்" என்றான். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

அன்று மாலை பாட ஆரம்பிக்கும் முன் நடந்ததை அந்தச் சபைக்கு முன்னால் சொன்னேன். பிறகு பாடினோம். வழக்கமாக ஒவ்வொரு சரணம் முடியும்போதும் அன்பு என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையசைத்ததும் தாளத்தை மாற்றுவான். அன்று ஒரு தாளமும் தவறவில்லை. என்னை ஒரு முறைகூடப் பார்க்கவும் இல்லை.

ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் குழுவைவிட்டு விலகினான். குரோம்பேட்டை ஸ்டேஷனில் அவனைப் பிடித்து நிறுத்தி, கோபமா என்று கேட்டேன்.

"சத்தியமா கோவம் இல்லண்ணா. மன்னிச்சிட்டேன். ஆனா வாசிக்கறப்போ உங்க மூஞ்சியப் பாக்கணும் இல்ல? பாத்தா, நீங்க திரும்பிக்கினு நடந்ததுதான் தெரியுது."

தாம்பரம் ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

அவன் அம்மாவிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ போட்டுக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு குழுவாக இரண்டு முறை வெளிநாடு போனோம். சுங்கத்தில் சொல்ல வேண்டிய பொருள் இருக்கிறவர்களுக்கான சிவப்பு வரிசையில் நானே முதலில் போய் நின்று, இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். நான் வேலை செய்யும் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதும் சரி, வீட்டிலும் சரி, தப்பு செய்தால் சமாளிக்கப் பார்ப்பதில்லை. ஒப்புக்கொள்கிறேன். அந்த மாற்றம் கர்த்தர் தந்தது, அவருக்கே மகிமை. அன்பு இப்போது அஸ்தினாபுரத்தில் குடியிருக்கிறான். கல்யாணத்துக்கு எங்களை அழைத்தான், சிரித்துப் பேசினான், பந்தியில் எங்கள் பக்கத்தில் நின்று, எங்களைக் கவனித்துப் பரிமாறச் சொன்னான். திரும்ப வாசிக்க வா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

பிரியமானவர்களே, உங்களிலும் யாராவது ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருக்கலாம். உள்ளே உங்களுக்காக வேறொருவர் மாட்டிக்கொண்டிருக்கலாம். எழுந்து போகப் பலம் இல்லை என்றால், இல்லை என்று அவரிடமே சொல்லுங்கள். அவர் கேட்பார். என்னைப் போன்றவனுக்கே கேட்டார். ஆனால் என்னைப் போல அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த நேரம் திரும்பி வராது.