மேலே முந்நூறு லிட்டர், கீழே ஒரு கேன்

என் தம்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டாவதுக்கே திணறிப்போவேன். வளைகுடாவில் டிரைவராக இருந்தவன். அவனுடைய முதலாளி குடும்பம் பாலைவனத்துக்குப் போகும்போது, படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டியில் போகுமாம். அந்த வண்டியை வெளியே நின்று கழுவியதுதான் இவனுக்கு இருந்த ஒரே அனுபவம். ஊர் திரும்பியதும் ஒரு பழைய வேனை வாங்கி, அதே மாதிரி தானே கட்டப்போவதாகப் பெரியபட்டினம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

"எல்லாம் உம்மாவுக்காகத்தான்" என்றான். அதனால்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உம்மாவுக்குச் சர்க்கரை. அரைமணிக்கொருதரம் ஒன்றுக்குப் போயாக வேண்டும். தொண்டியில் வாழ்க்கைப்பட்ட பெரியம்மாவோ படுத்த படுக்கையாகிவிட்டார். தொண்டி ஒன்றும் வெளிநாடு இல்லை. ஆனால் வழியில் உம்மா எங்கே இறங்குவார்? ஆண்களுக்கு ஒரு கருவேல மரம் போதும். பெண்களுக்கு அந்தக் கடற்கரைச் சாலை நெடுக ஒரு மறைவு கிடையாது. ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு அக்காளும் தங்கையும் வருஷக்கணக்காகப் போனில் அழுதுகொண்டிருந்தார்கள். இந்த வண்டி ஒழுங்காக ஓடினால் கண்மூடுவதற்குள் ஒருவரை ஒருவர் பார்த்துவிடலாம். அதற்காக அவனுடைய பந்தாவைப் பொறுத்துக்கொண்டேன்.

வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதனால் வண்டிக்கும் தலையில்தான் தொட்டி என்று முடிவு செய்தான். முந்நூறு லிட்டர் பிடிக்கும் கறுப்புத் தொட்டியைக் கூரைமேல் ஏற்றிக் கட்டினான். திருப்பத்தில் வண்டி எப்படி நிற்கும் என்று யோசிக்கவில்லை. கழிவுக்கு, யாரோ ஆசிட் வைத்திருந்த பழைய நீலக் கேன் ஒன்றைக் குளியலறைக்கு அடியில் தொங்கவிட்டான். கக்கூஸ் குழாய், குளிக்கிற தண்ணீர்க் குழாய் இரண்டும் அதற்குள்ளேதான். காற்றுப் போக ஒரு குழாய் கிடையாது. காலி செய்கிற மூடி ஸ்டெப்னி டயருக்குப் பின்னால் இருந்தது. அங்கே மனிதக் கை நுழையாது.

"ஏலே, மேல இருக்க தண்ணி அம்புட்டும் எறங்குனா எங்கன போயிச் சேரும்?" என்று கேட்டேன்.

"அதான் கேன் இருக்குல்ல. கழிவுக்குப் போயி யாராச்சும் பெரிய டேங்கு வைப்பாகளா லாத்தா?"

அக்காவை லாத்தா என்று மரியாதையாகக் கூப்பிடுவதில் மட்டும் குறை வைக்கமாட்டான். இதில் அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் குடம் குடமாக விலைக்கு வரும். உள்ளே வருகிற ஒவ்வொரு குடத்தின்மேலும் எல்லோருக்கும் கண். கீழே ஊற்றிய தண்ணீரையோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடற்கரை மணல், ஊற்றியதைக் கண்மூடித் திறப்பதற்குள் குடித்துவிடும். வண்டியின் அடியிலும் மணல்தான் இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ. வேடிக்கை பார்க்க வந்த பெருமக்களும் மேல்தொட்டியைத் தட்டிப் பார்த்து 'மாஷா அல்லாஹ்' சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

புறப்படுகிற அன்று காலை, உம்மா ஏறுவதற்கு முன்பே அவன் வண்டிக்குள் போய் ஷவரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, அதைப் போனில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். அப்புறம்தான் கிளம்பினோம்.

ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஆடியது. உம்மா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை உள்ளே போய்விட்டு வந்து, "வீட்டுல இருக்க மாதிரியே இருக்குடி" என்று சிரித்தார். எனக்கே தம்பிமேல் லேசாக இரக்கம் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "பொறகு குடிக்கிறேன்" என்று தள்ளிவிட்டார்.

திருப்பாலைக்குடி தாண்டியதும் ரோட்டில் ஆடுகள். பிரேக் போட்டான். குளியலறைத் தரையிலிருந்த ஓட்டை கடகடவென்று சத்தம் போட்டது. கேனில் இருந்ததெல்லாம் அது வழியாக மேலே வந்தது. நுரையும் மற்றதுமாக வாசல் தாண்டி, அவன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார்ப்பெட்டை நனைத்து, உம்மாவின் காலடிக்கு வந்துசேர்ந்தது. துப்பட்டி ஓரம் நனைந்துபோனது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தவன் முதலில் பார்த்தது கார்ப்பெட்டைத்தான்.

"எம்புட்டுத் தண்ணிதான் ஊத்துவீக உம்மா? அளவா ஊத்த வேணாமா?"

அந்த நுரையில் அவன் காலையில் போட்ட சோப்பு மணத்தது. உம்மா தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு எம்மேலதான் வாப்பா" என்றார். பெற்ற மகனை வாப்பா என்று கொஞ்சுகிற வாயால் அதைச் சொன்னார். அவனை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. அவனோ, "வீட்டுக்குத் திரும்பிருவோம், தொண்டிக்கு இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்றான்.

"நீ ஒன் கார்ப்பெட்டக் கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு உம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினேன். மேல்தொட்டியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. குழாயைத் திறந்து அவர் காலையும் துப்பட்டி ஓரத்தையும் கழுவிவிட்டேன். அந்தப் பக்கம் வந்த ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினோம்.

தொண்டியில் பெரியம்மா படுத்தபடியே கையை நீட்டினார். உம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டு மருமகளைப் பார்த்து முதலில் தண்ணீர் கேட்டார். வந்த செம்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"வண்டியில குடுத்தப்பக் குடிச்சிருக்கலாம்ல உம்மா?" என்றேன்.

"ராத்திரியிலருந்தே குடிக்கலடி" என்றார். "வண்டியக் கட்டி முடிச்ச அன்னிக்கே நான் குனிஞ்சு பாத்தேன். கேனு ரொம்பச் சின்னது. புள்ள ஆசையாக் கட்டுனது, அதப் போயி எப்புடிச் சொல்லுறது?"