வைதேகி வீட்டு மூன்றாவது ரூட்டர்

வாங்கிப் போன ரூட்டரைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார் வைதேகி. கோபப்படவில்லை. கோபப்படும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது சுலபம். ஒரு காபி வரவழைத்தால் பாதி இறங்கிவிடும். சத்தம் போடாதவர்களிடம்தான் எனக்குப் பயம்.

“சார், இதுவும் கட் ஆறது.”

நான் தொலைபேசித் துறையில் லைன் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் கடை வைத்தவன். கேபிள் இழுப்பது, ரூட்டர் விற்பது, வீடுகளில் வைஃபை சரிசெய்வது என்று பிழைப்பு ஓடுகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த ரூட்டர் நல்லது என்பதுதான். அதற்கு இந்த ஒரு வீட்டின் கதையைச் சொல்வது வழக்கம்.

ஆண்டெனாவை எண்ணுகிறவர்கள்

வைதேகி ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீட்டிலிருந்தபடி ஒரு சென்னை சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்த்தார். தினமும் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங். அதை நடத்த வேண்டியவரே அவர்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் இழுக்கும், முகம் உறையும், பிறகு அறுந்துபோகும்.

முதலில் இருந்தது இன்டர்நெட் கனெக்‌ஷனோடு இலவசமாக வந்த ரூட்டர். இலவசமாக வந்ததைப் பற்றி அதிகம் பேசக் கூடாது. இரண்டாவதை அமெரிக்காவிலிருக்கும் அவருடைய அண்ணன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருந்தார். எட்டுக்கால் பூச்சியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி எட்டு ஆண்டெனா. நம் ஜனங்களுக்கு ஆண்டெனா எண்ணிக்கையில் அப்படியொரு நம்பிக்கை. கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து, “நாலு இருக்கறது வேணாங்க, ஆறு இருக்கறதா குடுங்க” என்று கீரைக்கட்டு கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார்.

நான் பார்ப்பது வேறு. அடாப்டர் சூடாகாமல் நாளெல்லாம் ஓட வேண்டும். ஃபர்ம்வேர் அப்டேட்டை ஒழுங்காகக் கொடுக்கும் கம்பெனியாக இருக்க வேண்டும். கெட்டுப்போனால் நம் ஊரிலேயே சர்வீஸ் கிடைக்க வேண்டும். டூயல் பேண்ட், அதாவது 2.4 கிகா, 5 கிகா என்று இரண்டு அலைவரிசையும் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்த ஒன்றைத்தான் மூன்றாவதாக வைதேகிக்குக் கொடுத்து, நானே போய் மாட்டியும் வந்தேன்.

மாட்டியதிலும் கணக்கு இருந்தது. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் 2.4-இல் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அதனால் அவருடைய லேப்டாப்பை 5 கிகா பேண்டில் போட்டேன். அதில் கூட்டம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் தடுப்பு எதுவும் அதற்கு ஆகாது. வீடோ ரயில்பெட்டி மாதிரி நீளம், சுவர்கள் ஒன்றரை முழக் கனம். கூடத்திலிருந்து பின்கட்டு அறைக்குச் சிக்னல் போகத் திறந்த வழி, நடுவிலிருந்த ஒரு நீள நடை மட்டும்தான். எனவே நடையைப் பார்த்தாற்போல, கூடத்துச் சுவரில் உயரத்தில் மாட்டினேன். டெஸ்ட் செய்தபோது பின்கட்டில் முழுச் சிக்னல். நிம்மதியாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தேன்.

அந்த ரூட்டர்தான் இப்போது என் மேஜைமேல்.

“மத்தியானத்துக்கு மேல ஒரு தொந்தரவும் இல்லை சார். காலம்பறதான். மேனேஜர் சொல்லிட்டார், இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா சென்னை ஆபீஸுக்கே வந்துடணுமாம். அம்மா கோவிலையும் ரங்கனையும் விட்டு வரமாட்டா. எழுபது வயசுல தனியா விட்டுட்டும் போக முடியாது. வேலையை விட்டா ஆத்துல வேற வருமானம் கிடையாது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் நுழைய முடியாத வீடு

அதே ரூட்டரைத் திரும்ப மாட்டி, இருமுறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் சாயங்காலம். காலையில் வர முடியாது. வைதேகியின் அம்மா ரங்கநாயகி மாமி மடி ஆசாரமானவர். குளித்து, யாரும் தொடாத துணியை மடியாகக் கட்டிக்கொண்டு, தளிகை சமைத்து, பெருமாளுக்கு அமுது செய்விக்கும்வரை வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. “சாவகாசமா சாயரட்சைக்கு மேல வாங்கோ” என்றுதான் எனக்கு உத்தரவு. சாயங்காலம் போனால் சிக்னல் தேனாகப் பாயும். லைனை மாற்றினேன், சேனலை மாற்றினேன். மறுநாள் காலை ஒன்பதுக்கு மீண்டும் அறுந்தது.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நோயாளி நோய் வந்த நேரத்தில் டாக்டரைப் பார்க்க மாட்டேன் என்றால் டாக்டர் என்ன செய்வார்? வைதேகியிடம் போனில் சொன்னேன்.

“காலையில வந்தாத்தாம்மா கண்டுபிடிக்க முடியும். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க.”

அவர் அம்மாவிடம் என்ன பேசினாரோ தெரியாது. மறுநாள் எட்டரைக்குக் கூடத்தின் ஒரு மூலையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தது. அதைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ரூட்டரின் பக்கத்தை என் போனில் திறந்து, பின்கட்டிலிருந்த லேப்டாப்பின் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே இருந்தது. மாமி கிணற்றடியிலிருந்து வந்தார். என்னைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கையில் துவைத்துப் பிழிந்த ஒன்பது கஜம் நூல் புடவை. நடையில் உயரத்தே குறுக்காக ஒரு மூங்கில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. யார் மேலும் படாமல் உலர்ந்து, மறுநாள் காலையில் கட்டிக்கொள்வதற்கான மடித்துணி அதில்தான் காயும். ஒரு கோலால் புடவையை ஏற்றி, மடிப்பு மடிப்பாக அதன்மேல் பரத்தினார்.

என் போனில் சிக்னல் சரிந்தது. உள்ளேயிருந்து வைதேகியின் குரல் வந்தது.

“சார், போச்சு.”

ஈரத் துணி 5 கிகா சிக்னலைக் குடித்துவிடும். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் பார்த்ததெல்லாம் சாயங்காலத்தில் காய்ந்துபோன புடவையை. திறந்த வழி என்று பார்த்துப் பார்த்து ரூட்டரை மாட்டியதும் சரியாக அந்தக் கொடியின் உயரத்தில்.

“மாமி, அந்தப் புடவையைக் கொஞ்சம் அந்தக் கோடிக்குத் தள்ளிப் போட முடியுங்களா?”

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கோலால் தள்ளினார். சிக்னல் திரும்பி வந்தது. இன்னொரு முறை இழுத்துப் போடச் சொன்னேன். போனது. விஷயத்தை விளக்கினேன்.

“என் புடவையா?” என்றார் மாமி.

வைதேகி வெளியே வந்து கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான். பின்கட்டு அறைக்கே ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கேயே வைஃபை தரும் சின்ன ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை வைத்துவிட்டால் கொடியைத் தொடவே வேண்டாம். பொன்மலையில் ஒப்புக்கொண்ட வேலை ஒன்று பாதியில் இருந்தது. முடித்துவிட்டு நாளை மறுநாள் வருகிறேன், அதுவரை புடவையைத் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வெறும் கொடி

சொன்னபடி கேபிள் சுருளோடு போனேன். காலை நேரம்; இந்தமுறை யாரும் தடுக்கவில்லை. உள்ளே மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. கொடி வெறுமையாக இருந்தது.

மாமி தளிகை உள்ளில் அடுப்பின்முன் நின்றிருந்தார். கட்டியிருந்த புடவை ஈரம். கொசுவத்திலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியிருந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து வந்த இருமலைப் புடவைத் தலைப்பால் பொத்தி அடக்கிக்கொண்டிருந்தார். சத்தம் நடையைத் தாண்டக் கூடாது என்பதற்காக.

“என்ன மாமி இது? தள்ளிப் போடத்தானே சொன்னேன்?”

“அந்தக் கோடில குளியலறைக் கதவு. போறவா வரவா மேல படும், மடி நிக்காது. மாடில காக்கா தொடும், மத்தியானத்துக்கு மேல கொடில போட்டா விடியறதுக்குள்ள உலராது. தோச்சு அப்படியே கட்டிண்டுட்டேன். உடம்புலயே உலர்ந்துடும்.”

“நேத்தும் இப்படித்தானா?”

பதிலுக்கு இருமல்தான் வந்தது. அடங்கியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அவகிட்ட சொல்லாதேங்கோ. பேசறச்சே அறுந்துடுத்துன்னா அவளைப் பட்டணத்துக்குக் கூப்ட்டுண்டுடுவா. ஒரு நாள் ரெண்டு நாள்தானே.”

மொட்டை மாடி வழியாகக் கேபிளைக் கொண்டுபோனேன். சுவரில் ஆணி அடிக்கும்போதெல்லாம் அந்த இருமல் கீழேயிருந்து கேட்டது. ஆக்சஸ் பாயிண்ட்டை மாட்டி, லேப்டாப்பை அதற்கு மாற்றும்போது மீட்டிங் முடிந்திருந்தது. வைதேகி ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

“ரெண்டு நாளா ஒரு தடவைகூட கட் ஆகலை சார். மேனேஜரே ஆச்சரியப்பட்டார். அம்மா நன்னா தள்ளிப் போட்டுட்டா போலருக்கு.”

சொல்லாதேங்கோ என்று மாமி கேட்டுக்கொண்டதை நினைத்தேன். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து போனார். தளிகை உள் வாசலில் நின்றார். அம்மா மடி, மகள் குளிக்காமல் வேலைக்கு உட்கார்ந்தவர். தொடக் கூடாது. நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரப் புடவையையே பார்த்தார். பிறகு உள்ளே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

“மடி போச்சேடி” என்றார் மாமி. ஆனால் விலகவில்லை. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். அன்று பெருமாளுக்குத் தளிகை தாமதமாகியிருக்கும்.

வைதேகி சென்னைக்குப் போகவில்லை. மாமியின் சளி இறங்க அந்த மாதம் முழுவதும் ஆயிற்று.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல ரூட்டர் எது என்பதைக் கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். அது அந்த வீட்டில் வேலை செய்யுமா என்பதை, அந்த வீடு வேலை செய்யும் நேரத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். யார் எங்கே உட்காருகிறார், எந்தக் கதவு எப்போது சாத்தியிருக்கும், எங்கே எது காய்கிறது என்று கேளுங்கள். வேலையை நாளை மறுநாளுக்குத் தள்ளும்முன் இன்னொன்றும் கேளுங்கள்: அதுவரை அந்த வீட்டில் யார் பொறுத்துக்கொள்ளப் போகிறார்கள்?